குறைந்தபட்சக் கூலி: நட்டம் யார் தலையில்?

நடவு நாளில் பதினைந்து பேருக்குக் கூலி கொடுக்கும் விவசாயி, அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கு மண்வெட்டி பிடிப்பதும் உண்டு. ஓரிரு ஏக்கர் வைத்திருப்போரின் நிலை பெரும்பாலும் இதுதான். ஆண்டில் சில நாட்கள் முதலாளி, பல நாட்கள் தொழிலாளி. ஆகவே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பெரிய பண்ணைக்காரர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் உரிய விஷயம் என்று சிறு விவசாயி ஒதுங்கிவிடுவதற்கில்லை. கூலி கொடுக்கும் நாளில் அது அவரைக் கட்டுப்படுத்துகிறது. கூலி வாங்கும் நாளில் அவருக்குக் காப்பாக நிற்கிறது.

கூலி பேசும்போது ரூபாயுடன் சேர்த்து இன்னொன்றும் முடிவாகிறது. மழை வந்து வேலை நின்றால், பயிர் சாய்ந்தால், நெல் விலை விழுந்தால், ஆளுக்கு அடிபட்டால் அந்த நட்டம் யாருடையது என்பதே அது. இதை யாரும் வாய்விட்டுப் பேசி முடிப்பதில்லை. தகராறு வந்த பிறகுதான் அது தெரிய வருகிறது.

சட்டம் வந்த வழி

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் அட்டவணையின் இரண்டாம் பகுதி விவசாய வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. மாநில அரசுகள் கூலி விகிதத்தை நிர்ணயித்து அறிவித்து வந்தன. பின்னர் 2019 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தையும் வேறு மூன்று சட்டங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. அது 21-11-2025 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் கீழ் வெளியான அறிவிப்புகள், புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவுக்குத் தொடர்ந்து செல்லும். மத்திய அரசு ஓர் அடித்தளக் கூலியை நிர்ணயிக்கும். மாநிலங்கள் அதற்குக் கீழே போக முடியாது. விகிதங்களைச் சாதாரணமாக ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் திருத்த வேண்டும்.

"எனக்கே கட்டுப்படியாகவில்லை, எப்படிக் கொடுப்பது?" என்ற கேள்வியைச் சட்டம் ஏற்பதில்லை. முதலாளியின் கொடுக்கும் சக்தி குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1950களிலேயே கூறிவிட்டது. 1982 ஆம் ஆண்டில், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23 ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. தொழிலாளி தானாக ஒப்புக்கொண்டு குறைந்த கூலிக்கு வந்தார் என்பதும் தப்புவதற்கு வழியாகாது.

ஆலைக்காரர் கூலி உயர்ந்தால் சரக்கின் விலையை உயர்த்திப் பார்க்கலாம். நெல் விளைவிப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆதரவு விலைக் கணக்கில் கூலிச் செலவு சேர்க்கப்படுவது உண்மையே. ஆனால் கூலி இன்று கையை விட்டுப் போகிறது. அது விலையில் வந்து சேரக் காலம் பிடிக்கிறது. சிறு விவசாயியின் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் கொள்முதல் விலையும் கடன் வசதியுமே தவிர, வயலில் இறங்கும் ஆளின் கூலி அன்று.

தஞ்சையில் நடந்தது

நாள் கூலியைச் சட்டம் நிர்ணயிக்கலாம். எத்தனை நாள் வேலை என்பதை அது நிர்ணயிப்பதில்லை. இந்த வேறுபாட்டுக்குத் தஞ்சை மாவட்டமே சாட்சி.

அங்கே பண்ணையாள் முறையில் கூலி மிகக் குறைவு, அடிமைத்தனமும் கொடுமையும் மிகுதி. எனினும் வேலை இல்லாத மாதங்களிலும் பண்ணையாளின் அரை வயிற்றுக்காவது பண்ணை பொறுப்பாக இருந்தது. 1952 ஆம் ஆண்டில் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர்களையே அது கட்டுப்படுத்தியது, சிறியவர்களை விட்டுவிட்டது. பண்ணையாளுக்குக் கூலியும் வேலைப் பாதுகாப்பும் சட்டமானவுடன், மிராசுதாரர் பலர் பண்ணையாட்களைக் குறைத்து அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்தலாயினர். தொழிலாளிக்கு நாள் கூலி கூடியது. ஆனால் வேலை இல்லாத நாளின் பாரம் முழுவதும் அவர் தலைக்கு மாறியது. அடிமைத்தளை அறுந்தது பெரிய நன்மையே. பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் பாரம் மாறியதைக் கணக்கில் எடுக்காமல் அதன் பின் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

அறுவடைக் கூலியில் சிறிது நெல் கூட்டிக் கேட்ட போராட்டங்களும், வெளியாட்களைக் கொண்டு அறுத்ததால் மூண்ட பகையும் 1960களில் முற்றின. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டனர். அதன் பிறகு கணபதியா பிள்ளை குழு அமைந்தது. 1969 ஆம் ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கூலியை நெல் அளவாகவே குறித்தது. அதற்குக் காரணம் உண்டு. நெல்லாக வாங்குபவருக்கு அரிசி விலை ஏறினாலும் கூலியின் மதிப்புக் குறைவதில்லை. கொடுப்பவருக்கும் களத்தில் இருக்கும் நெல்லை அளந்துவிட்டால் போதும். நெல் விற்றுப் பணம் வரும் வரை கடன் தேட வேண்டியதில்லை. ரொக்கக் கூலியில் இந்த இரண்டு வசதிகளும் இல்லை. புதிய சட்டமோ கூலியை நாணயமாகவோ, நோட்டாகவோ, காசோலையாகவோ, வங்கிக் கணக்கிலோ, மின்னணு முறையிலோ கொடுக்க வேண்டும் என்கிறது. எனவே களத்து நெல்லை அளந்துவிட்டதால் கூலி தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. நெல் கொடுக்கும் வழக்கம் உள்ள ஊர்களில் அதைக் கூலிக்கு மேற்பட்டதாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மூன்று வகைக் கூலி

கிராமங்களில் நாள் கூலி, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசும் காண்ட்ராக்ட், அறுவடையில் பங்கு என மூன்று முறைகள் உள்ளன. மூன்றிலும் நட்டம் வெவ்வேறு தலையில் விழுகிறது.

நாள் கூலியில் வேலை மெதுவாக நடந்தாலும், வயல் கடினமாக இருந்தாலும் செலவு விவசாயியுடையது. மழை நாளில் என்ன ஆகும்? வேலை தொடங்குவதற்கு முன்பே மழை பிடித்து ஆட்கள் திரும்பிவிட்டால், நடைமுறையில் அந்த நாள் தொழிலாளிக்கு வெறுங்கை. ஆனால் வயலில் இறங்கி வேலை செய்த பின் பாதியில் வேலை நின்றால், ஆள் வேலை செய்யத் தயாராக இருந்தும் வேலை கொடுபடாமல் போனால், விதிகளில் விலக்குச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, முழு நாள் கூலிக்கு அவர் உரியவர். தொழிலாளி தாமாக வேலையை விட்டுப் போனால் இந்த உரிமை இல்லை. ஒரு கால் வயலில் பட்டதா இல்லையா என்பதிலேயே நட்டம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிவிடுகிறது. விவசாயிகள் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆளைக் கூப்பிடத் தயங்குவதும், ஆட்கள் சீக்கிரமே வயலில் இறங்கிவிடத் துடிப்பதும் இதனால்தான். மழை வந்தால் அரை நாளுக்குமேல் போனதற்கு முழுக் கூலி, அதற்கு முன் நின்றால் மறுநாள் வேலை இவர்களுக்கே என்பது போன்ற ஊர் வழக்கங்கள் உண்டு. வழக்கம் நல்லதே, ஆனால் அது சட்டம் கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

காண்ட்ராக்ட் முறையில் நிலைமை தலைகீழ். கணக்குக்காகக் குறைந்தபட்சக் கூலி 450 ரூபாய் என்றும், ஒரு ஏக்கர் நாற்றுப் பறித்து நட 6,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 12 பேர் ஒரே நாளில் முடித்தால் ஆளுக்கு 500 ரூபாய் கிடைக்கிறது. நாற்றங்கால் இறுகிப்போய் நாற்று வர மறுத்து, மறுநாளும் அரை நாள் பிடித்தால் மொத்தம் 18 ஆள் நாட்கள் ஆகின்றன. அப்போது நாளுக்கு 333 ரூபாய்தான் வரும். நாற்றங்காலுக்கு முதல் நாள் தண்ணீர் கட்டாதது விவசாயியின் குறை. நட்டமோ தொழிலாளிக்கு! சட்டம் இதற்கும் இடம் கொடுக்கவில்லை. குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருக்கும் வேலையை அளவு பேசிச் செய்தாலும், அந்த நாள் கூலிக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். எனவே காண்ட்ராக்ட் பேசும் விவசாயி தொகையை மட்டும் பேசாமல், ஆள் நாள் கணக்கையும் மனத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசர நடவில் குத்துக்குக் குத்து இடைவெளி கூடிப் பயிர் எண்ணிக்கை குறைவது காண்ட்ராக்டின் இன்னொரு கேடு. அது விளைச்சலில் தெரியும். கூலிக் கணக்கில் தெரியாது.

மேஸ்திரி மூலம் ஆள் வரும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. மேஸ்திரியிடம் முழுத் தொகையைக் கொடுத்தாயிற்று என்று விவசாயி வீட்டுக்குப் போய்விடுகிறார். மேஸ்திரி ஆட்களுக்குக் கொடுக்காமல் போனால், வேலை நடந்த இடத்தின் உரிமையாளர் அந்தக் கூலிக்குப் பொறுப்பாக வேண்டிவரும். இரண்டாம் முறை கொடுக்கும் நிலை வராமலிருக்க, வரப்பிலேயே எல்லோர் முன்னிலையிலும் பட்டுவாடா நடப்பது நல்லது. நாள் கூலிக்கு வந்தவருக்கு அன்றைய வேலை முடிந்தவுடனேயே கூலி கொடுக்க வேண்டும் என்பதும் சட்டமே.

அறுவடைப் பங்கில் விளைச்சலின் ஏற்றத்தாழ்வை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 30 மூட்டை விளைந்த ஏக்கரில் ஆட்களுக்கு 3 மூட்டை. மூட்டை 60 கிலோ என்றால் 180 கிலோ. பத்துப் பேர் ஒரு நாளில் அறுத்தால் ஆளுக்கு 18 கிலோ. வெள்ளத்தில் சாய்ந்து 12 மூட்டைதான் தேறியது என்றால் பங்கு 72 கிலோ. சாய்ந்த பயிரை அறுக்க 15 ஆள் பிடிக்கும். ஆளுக்கு ஐந்து கிலோகூட வராது. உழைப்பு கூடுகிறது, கூலி கால் பங்காகச் சுருங்குகிறது. இதையே நாள் கூலியாகப் பார்த்தால் நல்ல ஆண்டில் 4,500 ரூபாய். மூட்டைக்கு 150 ரூபாய் அறுவடைச் செலவு. கெட்ட ஆண்டில் 6,750 ரூபாய். மூட்டைக்கு 560 ரூபாய்க்கு மேல். பங்கு முறையில் தொழிலாளி நசுங்குகிறார். நாள் கூலியில் விவசாயி நசுங்குகிறார்.

இரண்டில் எது நியாயம்? அறுவடைக்கு வந்தவருக்கு விதைத்த தேதியிலும், ரகத்தைத் தேர்ந்ததிலும், வடிகால் வெட்டியதிலும் எந்தச் சொல்லும் இல்லை. விளைச்சல் அதிகமான ஆண்டில் வரும் லாபத்திலும் அவருக்குப் பெரிய பங்கில்லை. ஆகவே வெள்ளத்தின் நட்டம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே அவரைத் தள்ளக் கூடாது என்று சட்டம் கோடு போடுவது சரியானதே. அந்தக் கோட்டுக்கு மேலே பங்கு பேசிக்கொள்ளத் தடையில்லை. விவசாயியின் பக்கத்து நட்டத்துக்குப் பயிர்க் காப்பீடு இருக்கிறது; கூலி ஆளின் நட்டத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

எந்திரம் வந்தால் இந்தக் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. அறுவடை எந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை. ஈர வயலில் டயர் வண்டி இறங்காது. வாடகை கூடிய செயின் வண்டிதான் வேண்டும். பயிர் சாய்ந்திருந்தால் மணியும் கூடும். எந்திரத்துக்கு முன்னால் மழை நட்டம் முழுவதும் விவசாயியுடையதே. பேச்சு வார்த்தைக்கு இடமில்லை!

கூலி ஏற ஏற நெல்லை விட்டு விலகுவதும் ஒரு வழியாக இருந்து வருகிறது. கேரளத்தில் 1970களின் நடுவில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு, பின்னாளில் சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கியது. கூலி மட்டுமே அதற்குக் காரணம் என்பது சரியன்று. ரப்பர், தென்னை விலையும், வீட்டு மனைகளும், வெளிநாட்டுப் பணமும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆனால் நிலம் தரிசானாலும் தென்னந்தோப்பானாலும், நாற்று நடும் பெண்களின் வேலை நாட்களே முதலில் குறைகின்றன. அந்த நாட்களைச் சட்டத்தால் திருப்பித் தர முடியவில்லை. 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலைக்கு உத்தரவாதம் கொடுத்ததே, நாள் கூலியோடு நாட்களையும் கவனிக்க வேண்டும் என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

கண்ணுக்குத் தெரியாத பெரிய நட்டம்

மருந்து அடிக்க டேங்குக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. டேங்க் கணக்கில் கூலி என்றால் வேகம் கூடும். உச்சி வெயிலிலும் எதிர்க்காற்றிலும் அடித்து முடிக்கவே ஆள் பார்ப்பார். மூக்கில் துணி கட்டக்கூட நிற்க மாட்டார். இந்த வேகத்துக்கான விலை இரு தரப்புக்கும் பெரியது.

பூச்சி மருந்து தெளிப்போர், டிராக்டர், பவர் டில்லர் ஓட்டுவோர், எந்திர அறுவடை, கதிரடி வேலை செய்வோர் ஆகியவர்களுக்கு வேலையின்போது விபத்து நேர்ந்தால் நட்ட ஈடு கொடுக்க வேண்டும் என்பது 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் இப்போது 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. உயிரிழப்பு என்றால் மாதக் கூலியில் பாதியை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவது கணக்கு. 40 வயதுக்காரருக்கு 1923 ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்த எண் 184.17. மாதக் கூலி 10,000 ரூபாய் என்று கொண்டால் 9,20,850 ரூபாய் ஆகிறது. ஓர் ஏக்கர்க்காரர் இந்தத் தொகையை எங்கிருந்து கொண்டுவருவார்? வழக்கு வென்றாலும் தொழிலாளியின் குடும்பத்துக்குப் பணம் கைக்கு வருவது அரிதாகிவிடுகிறது. இரண்டு வீடும் கெட்டுப்போகும்.

ஆகவே தெளிப்புக்கு டேங்க் கணக்கைக் கைவிட்டு அரை நாள் கூலி பேசுவது, கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை வாங்கி வைப்பது, காலை பத்து மணிக்குள் முடிப்பது ஆகியவை தர்மம் மட்டுமல்ல, சொந்தப் பாதுகாப்பும் ஆகும். அதோடு 2006 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் விவசாயத் தொழிலாளர்களையும், நன்செயில் 2½ ஏக்கர் அல்லது புன்செயில் 5 ஏக்கருக்கு மேற்படாத நிலத்தில் தாமே பயிரிடும் சிறு விவசாயிகளையும் சேர்த்தே வகுக்கப்பட்டது. உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் விபத்து மரணத்துக்கு உதவி கிடைக்கும். வீட்டில் எத்தனை பேருக்கு அந்த அட்டை இருக்கிறது, வழக்கமாக வரும் ஆட்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரிக்கலாம்.

முன்பணம்

வேலையில்லாத மாதங்களில் வாங்கிய முன்பணத்தை நடவில் கழித்துக்கொள்வது எங்கும் உள்ள பழக்கம். கழிக்கும்போது நாள் கூலியைக் குறைத்துப் போட்டால், அது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும். 1976 ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கடனுக்காக உழைப்பதையும் கொத்தடிமைத்தனமாகவே கருதுகிறது. முன்பணம் கொடுக்கும் விவசாயி தான் செய்வது உதவி என்றே நினைக்கிறார். அப்படியே இருக்கவும் கூடும். உதவியாகவே இருக்க வேண்டுமானால், ஊரில் அன்றைக்கு உள்ள முழுக் கூலியை, அது சட்டக் கூலிக்குக் குறையாமல், கணக்கில் ஏற்றிக் கழிக்க வேண்டும். வேறு வயலுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தவும் கூடாது.

ஆண், பெண் கூலி வேறுபாடும் இப்படியே. ஒரே வேலை அல்லது ஒத்த வேலைக்கு ஒரே கூலி என்பது 1976 ஆம் ஆண்டு முதலே சட்டம். புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது.

நோட்டும் நாளும்

கூலி குறைவாகக் கொடுத்தார் என்று புகார் வந்தால், கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. முன்பு ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டியிருந்த புகாரை இப்போது மூன்று ஆண்டுகள் வரை செய்யலாம். குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை ஈடும் விதிக்கலாம்; தவறுக்கு அபராதம் 50,000 ரூபாய் வரை. விவசாயத்தில் ஐந்து பேருக்கு மேற்படாமல் ஆள் வைப்பவர் பதிவேடு வைக்க வேண்டியதில்லை என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் கேட்டால் கூலி கொடுத்ததற்கு நியாயமான சான்று காட்ட வேண்டும். நடவுக்குப் பதினைந்து பேர் இறங்கும் வயலுக்கு இந்தச் சலுகையை நம்பியிருப்பது சரியல்ல. பள்ளி நோட்டு ஒன்றில் தேதி, வேலை, ஆள் பெயர், தொடங்கிய மணி, முடிந்த மணி, கூலி, கையெழுத்து அல்லது கைநாட்டு என்று எழுதி, மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்தினால் போதும். கூலிக்குப் போகிறவர்களும் தம் பங்குக்கு நாள் கணக்கைக் குறித்து வைப்பது நல்லது. வங்கிக் கணக்கில் போட்டால் சான்று தானாகவே கிடைக்கிறது.

கூலிப் பாரத்தைக் குறைக்கச் சாகுபடியிலேயே சில வழிகள் உண்டு. ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் நாற்று விட்டால் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் ஆள் தேவைப்படும். கூலியும் ஏறும், குறுகிய கால ரகங்களின் நாற்று 18 முதல் 22 நாள் வயதைத் தாண்டி முற்றியும் போகும். வாய்க்கால் முறைக்கு ஏற்ப, அண்டை வயல்காரர்கள் பேசி நாலைந்து நாள் இடைவெளியில் நாற்று விட்டால், அதே ஆட்களுக்குத் தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் வேலை கிடைக்கும். தொழிலாளியின் நாள் நட்டமும் விவசாயியின் காத்திருப்பு நட்டமும் சேர்ந்தே குறையும். திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதை, 14 நாள் நாற்று, கோனோ களைக்கருவி என்று நாற்றுப் பறிப்பும் கைக்களையும் குறைகின்றன. தண்ணீர் கட்டுப்பாடு உள்ள வயலில் டிரம் விதைப்பான் கொண்டு நேரடியாக விதைக்கலாம். ஆனால் சமன் செய்யாத வயலில் இதைச் செய்து பிறகு களைக்கு ஆள் தேடுவது நடவுச் செலவைவிடக் கூடிவிடும்.

தம் பகுதியில் நடப்பில் உள்ள விவசாயக் கூலி விகிதத்தை மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம். எந்த வேலைக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். மணி நேரம் தெரியாமல் தொகையை மட்டும் தெரிந்துகொண்டு வருவதால் பயனில்லை.